பெரியவர்களின் பொம்மைகள்

'பாவ அறிக்கை' என்று நாம் அறிந்திருக்கும் தம் தன்வரலாற்றின் முதற்பகுதியிலேயே புனித அகுஸ்தினார் ஒரு பழைய மனத்தாங்கலை எடுத்துரைக்கிறார். படிப்பை விட்டுப் பந்து விளையாடியதற்காகச் சிறுவனாகிய அவர் பள்ளியில் அடிபட்டார். அடித்த ஆசிரியரும், அந்தத் தழும்புகளைக் கண்டு சிரித்த பெற்றோரும் தங்கள் வாழ்வில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் பெரியவர்களின் விளையாட்டுக்கு மட்டும் 'அலுவல்' என்னும் மதிப்பான பெயர் கிடைத்துவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

அவர் அதனை எழுதி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று பெரியவர்களுக்கு அந்தப் போர்வைகூடத் தேவைப்படவில்லை. அவர்களுக்கென்றே பொம்மைகள் செய்யப்படுகின்றன. அவர்களை நோக்கியே விளம்பரங்கள் எழுதப்படுகின்றன. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம், தண்ணீர் குடிக்க நேரமாயிற்று என்று ஒளிவிட்டு நினைவூட்டும் குப்பி, கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லும் ஸ்பீக்கர், தானே ஊர்ந்து தரையைப் பெருக்கும் வட்டப் பெட்டி, திருமண வீட்டின் மேல் வண்டுபோல் இரையும் டிரோன் என்று இந்தப் பட்டியல் நாளுக்கு நாள் நீள்கிறது. இவையெல்லாம் எங்கோ அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மட்டும் காணக் கிடைப்பவை என்று எண்ண வேண்டா. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூரின் குறுகிய தெருக்களுக்கும் இவை அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன.

இவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே ஒரு மறுமொழி ஆயத்தமாக நிற்கும். "பொருளில் என்ன சாமி குற்றம்? கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது" என்பார்கள். கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட இந்தக் கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லாப் பொருளும் கத்தியைப் போன்றதன்று. சில பொருள்கள் செய்யப்படும்போதே நம் வாழ்வில் ஓர் இடத்தைக் குறிவைத்துச் செய்யப்படுகின்றன. அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதுதான் நம் கவலை.

விளையாட்டு பாவமன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். திருச்சபை விளையாட்டின் எதிரியன்று. அக்குவினா நகர்ப் புனித தோமா தம் இறையியல் சுருக்கநூலின் இரண்டாம் பகுதியில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே ஆராய்கிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல், உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்கிறார். அதற்குச் சான்றாகத் தொன்மையான கதை ஒன்றைச் சொல்கிறார். நற்செய்தியாளர் புனித யோவான் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறலுற்றார்களாம். அவர்களுள் வில்லேந்திய ஒருவரை அழைத்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவினார். வில் முறிந்துபோகும் என்றார் அவர். மனித உள்ளமும் அப்படித்தான் என்றாராம் யோவான். அதுமட்டுமன்று; தானும் விளையாடாமல், பிறர் விளையாட்டையும் கெடுத்து, எப்போதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பதும் ஒரு குறையே என்கிறார் தோமா. எனவே பெரியவர்கள் விளையாடுகிறார்கள் என்பதற்காக எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் மாலையில் திண்ணையில் தாயம் உருட்டினால், அது வில்லின் நாணைத் தளர்த்திவைப்பதே.

திருச்சபை இயந்திரத்தின் எதிரியுமன்று. கோயம்புத்தூரில் பிறந்த மாவரைக்கும் இயந்திரம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் செய்த நன்மையைப் பல மேடைப்பேச்சுகள் சேர்ந்தும் செய்ததில்லை. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, "இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கும்" என்று முழங்கியவர்களுள் பெரும்பாலோர் ஆட்டுக்கல்லின் குழவியைத் தம் வாழ்நாளில் பிடித்துச் சுற்றியிராதவர்கள். விடியுமுன் எழுந்து, சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் காய் எடுக்கப் போகும் பெண்ணுக்கு, இரவில் மாவாட்டும் வேலை இல்லாமற்போனது இறையருளின்றி வேறென்ன?

எங்கள் ஊர்ச் சந்தையிலேயே இன்னொரு சான்று உண்டு. ஒரு காலத்தில் ஏலக்காய் ஏலம் வாய்விட்டுக் கூவி நடந்தது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் போடியில் மின்னணு ஏலமுறையைக் கொண்டுவந்தது. வணிகர் தம் இருக்கையில் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார். விலை திரையில் ஏறுகிறது. ஆனால், பொத்தானை அழுத்துமுன் மாதிரிக் காய் அவர் கைக்கு வருகிறது. அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், உரித்து முகர்கிறார். இயந்திரம் அவர் தொண்டையின் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. மூக்கையும் விரலையும் அவரிடமே விட்டுவைத்தது. நல்ல கருவிக்கு இதுவே இலக்கணம். அது தன் எல்லையை அறிந்திருக்கிறது.

சுமையும் கடமையும்

இங்கிருந்துதான் நாம் ஓர் அளவுகோலைப் பெறுகிறோம். மனித வாழ்வில் சுமை வேறு, கடமை வேறு. இரண்டும் பாரமாகவே இருப்பதால் நாம் அவற்றை ஒன்றென மயங்குகிறோம். மாவாட்டுவது சுமை, குழந்தைக்கு ஊட்டுவது கடமை. தண்ணீர்க் குடத்தை மேட்டுக்குத் தூக்கிவருவது சுமை; அந்தத் தண்ணீரை நோயாளியின் வாயில் ஊற்றுவது கடமை. சுமையை இறக்கிவைத்தால் மனிதன் நிமிர்கிறான். கடமையை இறக்கிவைத்தால் குறுகிப்போகிறான். ஏனெனில் அந்தப் பாரத்தின் மறுமுனையில் இன்னொரு மனிதர் இருக்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்று விற்கப்படும் பொருள்கள் மூவகையாகப் பிரிகின்றன. சுமையைக் குறைப்பவை ஒருவகை. அவற்றைக் கருவிகள் என்போம். எதையுமே குறைக்காதவை இரண்டாம் வகை. அவை வெறும் பொம்மைகள். கடமையை எடுத்துக்கொண்டு போய்விடுபவை மூன்றாம் வகை. அவற்றுக்கு நாம் இன்னும் பெயரிடவில்லை. பெயரில்லாததாலேயே அவை கருவிகளின் பெயரில் வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டுகள் நகைப்புக்குரியவை. 2013-இல் அமெரிக்காவில் ஒரு முட்டைத் தட்டு விற்பனைக்கு வந்தது. குளிர்பதனப் பெட்டியில் எத்தனை முட்டை மீதியிருக்கின்றன என்பதை அது உரிமையாளரின் கைப்பேசிக்குத் தெரிவிக்கும். 2016-இல் ஜூசரோ என்னும் நிறுவனம் பழச்சாறு பிழியும் இயந்திரம் ஒன்றை 699 டாலருக்கு விற்றது. அந்நிறுவனமே விற்கும் பையை அதற்குள் வைத்தால் அது அழுத்திச் சாறு தரும். மறு ஆண்டு ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அதே பையை வெறுங்கையால் பிழிந்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிறுவனம் மூடப்பட்டது. உலகமே சிரித்தது.

நானும் சிரித்திருக்கலாம். ஆனால், இந்த இரண்டாம் வகைப் பொம்மைகள் ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் மறைகின்றன. "உன் கை போதாது, உன் கண் போதாது, உன் தாகத்தைக்கூட நீயே அறியமாட்டாய்" என்பதே அந்தப் பாடம். முட்டையை எண்ணுவதற்குத் தன் கண் போதாது என்று ஒப்புக்கொண்டவர், நாளை தன் தாயைக் கவனிப்பதற்கும் தான் போதாது என்பதை எளிதாக ஒப்புக்கொள்வார். இரண்டாம் வகை, மூன்றாம் வகைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

சுவரில் ஒரு கண்

1999-இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்னும் இயந்திர நாயை 2,50,000 யென் விலைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானுக்கென ஒதுக்கப்பட்ட 3,000 நாய்கள் இருபதே நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. அது வாலை ஆட்டும்; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். 2006-இல் அதன் உற்பத்தி நின்றது. 2014-இல் பழுதுபார்ப்பதையும் சோனி நிறுத்திவிட்டது. அதன்பின், சீபா மாநிலத்து இசுமி நகரிலுள்ள கோஃபுகுஜி என்னும் புத்தக் கோவிலில் அந்த நாய்களுக்கு இறுதிச்சடங்கு நடத்தப்பட்டு வந்தது. 2018 ஏப்ரலில் மட்டும் 114 இயந்திர நாய்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஊதுவத்தி ஏற்றி மந்திரம் ஓதி வழியனுப்பப்பட்டன.

அந்தச் சடங்கை நான் பழிக்கமாட்டேன். அந்த நாயை மடியில் வைத்துக் கொஞ்சிய முதியவர்களின் துயரம் உண்மையானது. அன்பு தனக்கு உரியவரைக் காணாதபோது, கிடைத்த பொருளைப் பற்றிக்கொள்ளும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. இயந்திர நாய் அமர்ந்திருந்த அந்த மடியில் அமர வேண்டியவர் யார்? அவர் எங்கே போனார்?

ஜப்பானிலிருந்து போடிக்கு வருவோம். இங்கே நாய் இல்லை, கேமரா இருக்கிறது. எங்கள் தெருக்களில் பிறந்த பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் இங்கே தனியாக இருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச்செல்லும்போது, முன்னறைச் சுவரில், திருஇருதயப் படத்துக்குச் சற்று மேலே, வெள்ளை நிறத்தில் கைப்பிடியளவு ஒரு கருவியைக் காண்கிறேன். அதன் கழுத்து மெல்லத் திரும்பும். வளைகுடாவில் இருக்கும் மகன் அதன் வழியே வீட்டைப் பார்க்கிறார். அதன் வழியே பேசவும் செய்கிறார்.

முப்பது ஆண்டுகள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக் கால் மூட்டுத் தேய்ந்துபோன ஒரு தாய் சொன்னார்: "அவன் என்னயப் பாக்குறான் சாமி. நான் எங்கிட்டு அவனப் பாக்க?" சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "அடுப்படியில செத்த நேரம் கூட இருந்துட்டா உடனே சத்தம் போடுறான், எங்க போனேன்னு. அதான் இங்கனயே உக்காந்துக்கிறது." கேமராவின் பார்வைக்குள் விழும் நாற்காலியில், நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார் அவர்.

அந்த மகன் கெட்டவரா? இல்லை. மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். மருந்துக்குக் குறை வைப்பதில்லை. விடுப்புக் கிடைப்பது அரிது. விமானக் கட்டணம் பெரிது. தாயைப் பற்றிய கவலைதான் அந்தக் கேமராவை வாங்க வைத்தது. விற்பவரும் அந்தக் கவலையைத்தான் குறிவைக்கிறார். "இனிக் கவலையில்லை" என்பதே இத்தகைய பொருள்களின் விளம்பரங்கள் எல்லாவற்றின் சாரம். ஆனால் எண்ணிப்பாருங்கள்: தொலைவில் இருக்கும் அன்புக்குக் கவலை என்பதே உருவம். கவலைதான் ஒருவரைக் கடிதம் எழுத வைத்தது. ஊருக்குப் போகிறவரிடம் "அம்மாவைப் பார்த்துவிட்டு வா" என்று சொல்ல வைத்தது. கடன் வாங்கியாவது கிறிஸ்து பிறப்புக்கு வண்டியேற வைத்தது. அந்தக் கவலையைக் கழற்றி எடுத்துவிட்டால், வருவதற்கான உந்துதலும் அதனோடு கழன்றுபோகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அது நம்மைச் சார்ந்தது. அந்தத் தாயின் அண்டை வீட்டாரிடம், "அடிக்கடி எட்டிப் பார்ப்பதுண்டா?" என்று கேட்டேன். "அதான் மகன் கேமரா வச்சுப் பாத்துக்கிறாருல்ல, சாமி" என்றார்கள். கேமரா மகனின் கடமையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; தெருவின் கடமையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. முன்பு காலையில் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து தட்டுவார். குழம்பில் ஒரு கிண்ணம் போகும். இப்போது, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எல்லோரும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவரைக் கண்டு விலகிப்போன இருவரிடம், "மேலே கேமரா இருக்கிறது, யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிக்கொள்ளும் வசதி இல்லை. நமக்கு இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பொருள் நடுநிலையானதா? பார்ப்பது என்பதை வருவதிலிருந்து பிரித்தெடுத்து விற்பதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. அதன் வடிவமே அதுதான். 2015-இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், தொழில்நுட்பம் உருவாக்கும் பொருள்கள் நடுநிலையானவை அல்ல என்பதைத் தெளிவாக உணர்த்தியிருக்கிறார். அவை நம் வாழ்க்கைமுறைக்கு ஒரு சட்டத்தை அமைக்கின்றன என்பதும், அந்தச் சட்டம் ஆற்றல் மிக்க சிலரின் நலனுக்கேற்ப அமைகிறது என்பதும் அவர் தரும் விளக்கம். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1973-இல், குருத்துவப் பணியிலிருந்து விலகியிருந்த சிந்தனையாளர் இவான் இல்லிச், கருவிகள் ஓர் எல்லையைத் தாண்டும்போது மனிதனுக்குப் பணிவிடை செய்வதை விட்டு அவனை ஆளத் தொடங்குகின்றன என்று எச்சரித்தார். கத்தி உவமையைச் சொல்பவர்கள் இவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

ஆலயத்தின் உள்ளேயும்

பிறரைக் குறைசொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019 அக்டோபரில், திருத்தந்தையின் உலகளாவிய செப அமைப்பு மின்னணுச் செபமாலை ஒன்றை அறிமுகம் செய்தது. கருமணிகள் பத்தும் ஒரு சிலுவையும் கோத்த கைவளை அது. சிலுவை அடையாளம் வரைந்தால் விழித்துக்கொள்ளும். கைப்பேசியோடு இணைந்து, செபம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டும். விலை ஏறத்தாழ 110 டாலர். இளைஞரைச் செபத்துக்கு அழைக்கும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்பதை நான் ஐயுறவில்லை. ஆயினும் பணிவோடு கேட்கிறேன்: செபமாலையில் இறக்கிவைக்க வேண்டிய சுமை எது? மணியை விரல் எண்ணுகிறது. மின்னேற்றம் தேவையில்லை, மழையில் நனைந்தாலும் கெடாது. மாலையே கையில் இல்லாதபோது, மலையேறும் ஜீப்பின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறுகையின் விரல்களை மடக்கிப் பத்து மணி சொல்லி முடிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய செபத்தை முன்னேற்றம் என்று அளந்து காட்ட எந்தத் திரையும் இல்லை.

நம் ஊர்க் கோவில்களில் இது வேறு உருவில் நுழைந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மினுக்கும் மின்மெழுகுத்திரி, மின்சாரம் உள்ளவரை யாருமின்றித் தானே செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும் சிறு பெட்டி, அன்னையின் தலையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் வண்ண விளக்கு. மெழுகுத்திரி உருகுவதும் அணைவதும் அதன் பொருள். ஏற்றியவரின் நேரமும் உழைப்பும் அதில் எரிகின்றன. பெட்டி செபம் சொல்வதற்கும் ஒருவர் செபிப்பதற்கும் உள்ள வேறுபாடு, கேமரா பார்ப்பதற்கும் மகன் வருவதற்கும் உள்ள வேறுபாடே.

நல்லவேளையாக, அருட்சாதனங்களில் திருச்சபை எல்லைக்கோட்டை அழுத்தமாகவே வரைந்திருக்கிறது. இணையத்தின் வழியே அருட்சாதனங்களை நிறைவேற்ற இயலாது என்பதை 2002-இல் சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை தெளிவுபடுத்தியது. 2011-இல் ஒப்புரவுக்கு ஆயத்தம் செய்ய உதவும் செயலி ஒன்று அமெரிக்காவில் ஆயரின் இசைவோடு வெளியானபோது, குருவிடம் நேரில் அறிக்கையிடுவதற்கு அது ஈடாகாது என்று வத்திக்கான் செய்தித்தொடர்பாளர் லொம்பார்தி உடனே விளக்கம் தந்தார். 2024 ஏப்ரலில், அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று செயற்கை நுண்ணறிவால் இயங்கும் 'அருட்தந்தை ஜஸ்டின்' என்னும் உருவத்தைக் கணினித்திரையில் உலவவிட்டது. எழுந்த எதிர்ப்பில் சில நாள்களுக்குள்ளாகவே அவர் குருத்துவத்தை இழந்து வெறும் ஜஸ்டின் ஆனார்.

திருச்சபை ஏன் இந்த இடத்தில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? பழமைப்பற்றினால் அன்று. நம் மறையின் அடிப்படையே அதில் அடங்கியிருக்கிறது. கடவுள் வானிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு நிறைவடையவில்லை. இறைவாக்கினர் வழியாகச் செய்தி அனுப்பியதோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. உடலெடுத்து வந்தார்; பசித்தார், களைத்தார், தொழுநோயாளியைத் தொட்டார். தூரத்திலிருந்தே நலமாக்கும் ஆற்றல் இருந்தும், தொட்டு நலமாக்குவதைப் பெரும்பாலும் தெரிந்துகொண்டார். மனிதவுடலேற்பை நம்புகிறவர்களுக்கு நேரில் வருதல் ஒரு வசதியின் பொருட்டன்று. அதுவே மீட்பின் வழி.

சுமை எங்கே போயிற்று?

கடமை நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது. சரி, சுமையாவது குறைந்ததா? அதுவுமில்லை. அது இடம் மாறியிருக்கிறது. இந்தக் கருவிகள் பலவற்றின் மின்கலங்களில் கோபால்ட் என்னும் உலோகம் இருக்கிறது. உலகின் கோபால்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் அதைத் தோண்டுகிறார்கள் என்பதை 2016-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆவணப்படுத்தியது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால்பங்குக்கும் குறைவு என்று ஐ.நா. சார்ந்த ஆய்வறிக்கை கூறுகிறது. பெரியவர்களின் பொம்மைக்காகக் குழந்தைகள் மண் தோண்டுகிறார்கள். அகுஸ்தினார் இருந்தால் இதற்கு என்ன பெயரிட்டிருப்பாரோ!

ஊருக்குள்ளும் சுமை இறங்கவில்லை. தவணையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மலையிலும் அடிவாரத்திலும் கைகளில் பணம் புரண்டது. புதுப்பொருள்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. காய் விலை இறங்கும், தவணை இறங்காது. விலை ஏறியபோது அந்த அளவுக்கு ஏறாத கூலியைப் பெறும் தொழிலாளிதான், அண்டை வீட்டாரைப் பார்த்து வாங்கிய பொருளுக்கு அதிக மாதங்கள் வட்டி கட்டுகிறார். இன்றைய நுகர்வுப் பண்பாடு ஏழைக்கு அளிக்கும் சமத்துவம் இவ்வளவுதான்: பணக்காரரின் பொம்மையைத் தானும் வாங்கலாம், ஆனால் கூடுதல் விலைக்கு.

சில மறுப்புகள்

"குருவானவரும் கைப்பேசி வைத்திருக்கிறாரே; பங்குக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே" என்பார்கள். ஆம், இருக்கிறது. நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வரும்போது அந்தக் கைப்பேசி என்னைப் படுக்கையருகே போகச் செய்கிறது. நான் போகாமலிருக்க உதவுவதில்லை. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் ஆலயங்கள் அடைக்கப்பட்டபோது, திரைவழித் திருப்பலி பலருக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கதவு திறந்தபின்னும் நாற்காலியைவிட்டு எழாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அதே திரை வேறொன்றாகிவிட்டது. பசித்தபோது உண்ட கஞ்சி விருந்தாகிவிடாது.

"மகனால் வரவே முடியாது, ஒன்றுமில்லாததற்குக் கேமராவாவது இருக்கட்டுமே" என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது. கீழே விழுந்து கிடக்கும் தாயைக் கேமரா காட்டிக்கொடுத்து உயிர்பிழைக்கச் செய்யலாம். அந்த உயிரின் மதிப்பை எந்த வாதமும் குறைக்காது. எனவே சுவரிலிருந்து அதைப் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனை ஒன்றுமில்லாமையோடு ஒப்பிடாதீர்கள். அடுத்த வீட்டாரோடு ஒப்பிடுங்கள். விழுந்தவரைக் கேமரா காட்டும், தூக்கிவிடாது. தூக்கிவிட ஒருவர் தெருவில்தான் இருக்கிறார். அவரை நாம் பணியிலிருந்து விடுவித்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

ஆகவே மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒன்று சொல்வேன். கிறிஸ்து பிறப்புக்குப் பெட்டி அனுப்பத் திட்டமிடுகிறீர்கள் அல்லவா? அந்தப் பணத்தைப் பயணச்சீட்டாக மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். 2010-இன் இறுதியில் நின்றுபோன போடி இரயில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023 சூன் 15 முதல் அகலப் பாதையில் மீண்டும் ஓடுகிறது. சென்னையிலிருந்து நேரடியாகவே வந்து இறங்கலாம். வளைகுடாவில் இருப்பவர் வர இயலாதெனில், கேமராவை வாங்கும் அதே நாளில் அடுத்த வீட்டாரையும் அழைத்துப் பேசுங்கள். "என் தாயை ஒருமுறை எட்டிப் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். பொருளை வாங்கினால் அந்த வெட்கம் மிச்சமாகிறது. அதற்காகவே பலர் பொருளை வாங்குகிறார்கள்.

அன்பியங்களுக்கும் ஒன்று சொல்வேன். கூட்டத்துக்கு வந்தோரின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுகிறீர்கள். உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர்களின் பெயர்களையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். எந்த நாளில் எந்தக் குடும்பம் போவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். போனால் கால் மணி நேரம் உட்காருங்கள். செபிக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுவரிலுள்ள கருவியின் பார்வைக்குள் அமர்ந்திருக்கும் அந்தத் தாயின் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப்போடுங்கள். வளைகுடாவில் மகன் திரையைத் திறக்கும்போது, தாயோடு யாரோ பேசிக்கொண்டிருப்பதைக் காணட்டும்.